கப்பலில் வந்த தலைமுறை

அந்தமான் என்றதும் நம்மவர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது செல்லுலார் சிறை. அதற்கு அடுத்தபடியாக மேடைப் பேச்சுகளில் தவறாமல் வருவது சோழர்களின் கடற்படை. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார்தான் என்று கேட்கும்போது நமக்கெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று மத்திய அரசு பெயர் மாற்றியபோதும் சோழர் கடற்படையைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தியை நமக்காகக் கல்வெட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு தகரப் பெட்டியும் ஒரு கோரைப் பாயுமாக இதே துறைமுகத்தில் வந்து இறங்கிய தமிழர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிக் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஊரில் ஒரு சாவு என்றால் இங்கே இருந்துகொண்டு எப்படி அழுதார்கள் என்பதெல்லாம் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் சிலரே. அவர்களும் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் போர்ட் பிளேயரின் ஷாதிபூர் பகுதியில் 1959-ஆம் ஆண்டு பிறந்தவன். இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கேயே குடியிருப்பவன். என் பெற்றோரின் தலைமுறை எப்படி வாழ்ந்தது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். வேறு வேறு ஊர்களில் வாழும் வாசகர்களும் தங்கள் வீட்டுப் பெரியவர்களை இதில் அடையாளம் காண்பார்கள் என்று நம்புகிறேன்.

பெயரில் இருக்கும் கதை

ஷாதி என்றால் இந்துஸ்தானியில் கல்யாணம். கல்யாணபுரம் என்று தமிழில் சொல்லலாம். கேட்பதற்கு மங்கலமான பெயர்தான். ஆனால் அது வந்த வழி வேறு.

1858-ல் ஆங்கிலேயர் இங்கே கைதிகளின் குடியிருப்பை நிறுவினார்கள். நன்னடத்தையோடு சில ஆண்டுகளைக் கழித்த கைதிக்குச் சொந்தமாகப் பயிர் செய்தோ தொழில் செய்தோ பிழைக்க அனுமதி உண்டு. அப்படிப்பட்டவன் விரும்பினால் சவுத் பாயிண்டில் இருந்த பெண்கள் சிறையிலிருந்து ஒருத்தியைத் திருமணம் செய்துகொள்ளலாம். சாதி என்ன, மொழி என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே வழியில்லை. அப்படிக் குடும்பமானவர்கள் வந்து தங்கிய இடம் என்பதால் ஷாதிபூர் என்று பெயர் வந்ததாக இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களைத்தான் இங்கே 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். 1942-க்கு முன்பே இருந்தவர்கள் என்ற கணக்கும் உண்டு. அந்த ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேயரைப் பிடித்தார்கள். 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி இங்கே கொடியேற்றியதைப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அடுத்த மாதமே, 1944 ஜனவரி 30-ல், ஹம்ப்ரிகஞ்சில் ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி 44 பேரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றதும் நடந்தது. 1945-ல் போர் முடியும் தறுவாயில் தீவில் கடும் உணவுப் பஞ்சம். போர் முடிந்தபின் கைதிகள் குடியிருப்பும் கலைக்கப்பட்டது.

எங்கள் வீட்டுக்கு மேல் மேட்டில் ஒரு லோக்கல் பார்ன் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் 'சாச்சி' என்று கூப்பிடுவோம். ஜப்பான் காலத்தைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஆனால் யார் வீட்டுத் தட்டிலாவது சோறு மிஞ்சியிருப்பதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "சாவல் மத் ஃபேக்" என்று அதட்டுவார். சோற்றைக் கொட்டாதே என்று பொருள். அவருடைய பஞ்ச காலம் முழுவதும் அந்த ஒரு அதட்டலில் இருந்தது என்பது பெரியவனான பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆறு மாதம் என்று சொல்லி வந்தவர்கள்

1951-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதிலும் இருந்தவர்கள் 30,971 பேர்தான். 1961-ல் அது 63,548 ஆயிற்று. 1971-ல் 1,15,133. இருபதே ஆண்டுகளில் மூன்றரை மடங்குக்கு மேல்!

இந்தப் பெருக்கத்தில் ஒரு பகுதி, 1949 முதல் அரசாங்கமே அழைத்து வந்து நிலம் கொடுத்துக் குடியேற்றிய கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வந்த வழி அதுவல்ல. காடு வெட்ட, சாலை போட, கட்டடம் எழுப்ப, படகுத் துறை கட்ட ஆள் தேவைப்பட்டது. சாத்தம் தீவில் 1883-லிருந்து மரம் அறுக்கும் ஆலை நடந்துவந்தது. இராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களில் மழை பொய்த்த காலங்களில் ஒருவர் வந்து, அவர் சொல்லி அண்ணன் தம்பி வந்து, பிறகு மாமன் மச்சான் வந்து என்று சேர்ந்த கூட்டம் இது.

என் தந்தையார் இராமநாதபுரம் சீமைக்காரர். வானம் பார்த்த பூமி. 1955-ல், இருபத்து மூன்று வயதில், கொத்து வேலைக்கு ஒரு மேஸ்திரியோடு சென்னையில் கப்பல் ஏறினார். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையே கடல் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். கடல் மோசமாக இருந்தால் நான்கு நாள். கட்டிக் கொண்டுவந்த புளிச்சோறு முதல் நாளே வாந்தியில் போய்விட்டதாம். மீதி நாட்களுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கிடந்தாராம்.

"ஆறு மாசம் வேலை பாத்துட்டு, கடனை அடைச்சிட்டு வந்துருவேன் ஆத்தா" என்று என் அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். நாற்பத்தெட்டு ஆண்டுகள் இங்கே இருந்து, 2003-ல் இங்கேயே காலமானார். இந்த 'ஆறு மாசம்' என்பதை என் வீட்டில் மட்டும் அல்ல, அந்த வரிசையில் இருந்த எல்லார் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் 1970 வரை கட்டில் வாங்கவில்லை. ஊருக்குப் போகப் போகிறோமே, கட்டில் எதற்கு என்பார் அப்பா. பலகைச் சுவர், தகரக் கூரை, தரையில் பாய். வருஷத்தில் ஏழெட்டு மாதம் மழை பெய்யும் ஊரில் தகரக் கூரையின் கீழ் பேசவேண்டுமானால் கத்தித்தான் பேசவேண்டும். எங்கள் ஊர்க்காரர்களின் குரல் இன்றும் சற்று உரக்க இருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்!

பெண் கொடுக்கத் தயங்கிய ஊர்

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தமான் என்றால் தீவாந்திர தண்டனை என்றுதான் பொருள். 1952-ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தின் பெயரே 'அந்தமான் கைதி'. ஆகவே மாப்பிள்ளை அந்தமானில் இருக்கிறான் என்றால் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தப்புப் பண்ணிட்டுப் போனான்?" என்பதுதான். அப்பாவுக்கு இரண்டு இடங்களில் இப்படிச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. மூன்றாவதாக, தூரத்து உறவில் அம்மாவின் தகப்பனார் துணிந்து ஒப்புக்கொண்டார். 1957-ல் அப்பா விடுப்பில் போய்த் தாலி கட்டி, பத்தாவது நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்.

அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கப்பலில் இருந்து இறங்கியதும் அவர் முதலில் தேடியது காலில் சங்கிலி போட்ட கைதிகளைத்தானாம். யாரும் இல்லை என்று கண்ட பிறகுதான் மூச்சு வந்ததாம். கைதிகள் கல்யாணம் செய்து குடியேறிய ஷாதிபூருக்கு, கைதி இல்லாத ஒருவரின் மனைவியாக, கைதியோ என்று பயந்துகொண்டே வந்து சேர்ந்தவர் என் தாயார்.

1978-ல் சிவாஜி நடித்து 'அந்தமான் காதலி' வெளிவந்தது. கைதி போய்க் காதலி வந்துவிட்டாள். இருபத்தாறு ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பார்வை இந்த அளவுக்கு மாறியிருந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் இங்கே வந்து சேர்ந்த மணப்பெண்கள் ஒவ்வொருவரும் அந்தப் பழைய பயத்தைத் தாண்டித்தான் வந்தார்கள்.

அவர்களுக்குப் பிரசவம் பார்க்கத் தாய் வீடு கிடையாது. நான் பிறந்தபோது அம்மாவுக்குப் பத்தியச் சோறு போட்டவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி வீட்டு மதினி. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியவர் மேட்டு வீட்டுச் சாச்சி. எனக்குப் பெயர் வைத்த அன்று தொட்டிலுக்குச் சேலை கொடுத்தது ஒரு வங்காளிக் குடும்பம். நம் ஊரில் உறவுமுறை பார்த்துச் செய்யும் சடங்குகளை இங்கே பக்கத்து வீடு பார்த்துச் செய்தார்கள். தாய்மாமன் இல்லாத வீட்டில் மாமன் சீரை ஒரே கப்பலில் வந்த இன்னொருவர் செய்வார். அந்த உறவுக்கு இங்கே 'கப்பல் மச்சான்' என்றே பெயர்.

கப்பல் நாள்

இப்போது கைபேசியில் வினாடியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து இங்கே கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி வடம் வந்துவிட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், தீவுகளுக்குள் போகும் கிளைகளையும் சேர்த்து.

அன்றைக்குக் கப்பல்தான் எல்லாம். கைதிகளைச் சுமந்த 'மகாராஜா'வின் பெயரைச் சாச்சி வீட்டில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சொல்வது 'எம்.வி. அந்தமான்ஸ்'. கப்பல் எப்போது வரும் என்பது உறுதியில்லை. வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஆட்கள், அரிசி, பருப்பு, வெங்காயம், புளி, மிளகாய், கடிதம், பத்திரிகை எல்லாம் அதில்தான் வரவேண்டும். கப்பல் தாமதமானால் வெங்காயம் இல்லாத குழம்புதான். தேங்காய்க்கும் மீனுக்கும் மட்டும் என்றும் குறைவில்லை. ஆகவே எங்கள் தாய்மார்கள் தேங்காயை அரைத்து ஊற்றி, சூரை மீனைக் கருவாடாக்கி, மரவள்ளிக் கிழங்கை அவித்து, கப்பல் வரும் வரைக்கும் ஒப்பேற்றினார்கள். பருப்பு இல்லாமல் வைக்கும் அந்தச் சாம்பாருக்கு என் அம்மா வைத்த பெயர் 'கப்பல் வராத சாம்பார்'.

கடிதம் பெரும்பாலும் நீல நிற இன்லண்ட் லெட்டரில் வரும். மூன்று நான்கு கடிதங்கள் ஒரே நாளில் சேர்ந்து வரும். முதல் கடிதத்தில் மாடு சினையாக இருக்கும். கடைசிக் கடிதத்தில் கன்று ஈன்றிருக்கும். தேதி பார்த்து வரிசைப்படுத்திப் படிப்பது ஒரு கலை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எங்கள் வரிசையில் எழுத்தராக இருந்தவரின் மனைவியிடம் கொண்டுவருவார்கள். நாங்கள் அவரை 'வாசிக்கிற அக்கா' என்போம். கெட்ட செய்தி இருந்தால் அவர் முகம் பார்த்தே தெரிந்துவிடும். "செம்புல தண்ணி கொண்டா" என்று என்னை அனுப்பிவிட்டுப் பிறகுதான் வாசிப்பார்.

விகடன், குமுதம், கல்கி எல்லாம் மூன்று நான்கு வாரத்து இதழ்கள் ஒரே கட்டாக வரும். கல்கியில் 1950 முதல் தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைக் கிழித்துத் தைத்த கட்டுகளை அந்த அக்கா தம் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். தமிழ்நாட்டில் கதை முடிந்து பல ஆண்டுகள் கழித்து, எங்கள் வரிசையில் அரிக்கேன் விளக்கில் அது மறுபடியும் ஆரம்பமாயிற்று. இங்கே பொழுது சீக்கிரம் சாயும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம், நாமோ வெகு கிழக்கே இருக்கிறோம். மார்கழியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. வேலை முடிந்து வந்தவர்களுக்கு நீண்ட இரவு. அக்கா வாசிக்க, கொத்தனார்களும் சித்தாள்களும் மரம் அறுக்கிறவர்களும் திண்ணையிலும் படியிலும் உட்கார்ந்து கேட்பார்கள். வந்தியத்தேவன் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்தினால் மறுநாள் வேலைத்தளத்தில் அதே பேச்சு. பள்ளிக்கூடம் போகாத என் தந்தையின் நண்பர்கள் சோழர் கதையைக் கற்றுக்கொண்டது அப்படித்தான். சிறு வயதில் அதைக் கேட்டு வளர்ந்ததனால்தான் எனக்கும் தமிழ் நின்றது.

வீட்டில் தமிழ், வீதியில் இந்துஸ்தானி

1963-ல் போர்ட் பிளேயரில் அகில இந்திய வானொலி நிலையம் ஏற்பட்டது. வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் கட்டவேண்டிய காலம் அது. எங்கள் வரிசையில் ஒரே ஒரு பெட்டி. இரவில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுக்காக அதைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

1965 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த செய்தியையும் அந்தப் பெட்டியில்தான் கேட்டோம். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். மறுநாள் காலை கடைக்குப் போய் இந்துஸ்தானியில் பேரம் பேசினார்கள். இதில் அவர்களுக்குக் குழப்பம் ஏதும் இருந்ததாக நான் காணவில்லை. இங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், பர்மியர், கரேன் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் மொழி அந்தமான் இந்துஸ்தானி. அதை யாரும் பள்ளியில் கற்கவில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் அங்காடியிலும் கற்றார்கள். ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டால் தமிழ்தான். நான் வீட்டுக்குள் "பானி" என்று கேட்டால் அம்மாவுக்குக் காது கேட்காது! "தண்ணீர்" என்று கேட்டால்தான் செம்பு வரும்.

பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி புறப்படும்போது சாச்சி வீட்டார் தெருவில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். ஈத் பெருநாளில் எங்களுக்கு அவர்கள் வீட்டில் சேமியா. மத நல்லிணக்கம் என்ற பெரிய சொல்லை அவர்கள் யாரும் சொன்னதில்லை.

தூரத்தில் நிகழ்ந்த சாவுகள்

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. செய்தியை வானொலி சொன்னது. எங்கள் வரிசையில் பாம்பன்காரர் ஒருவர் இருந்தார். தாய், தம்பி, தம்பி பிள்ளைகள் எல்லாரும் அங்கே. அவர் தந்தி கொடுத்தார். பதில் இல்லை. பாலமே உடைந்து கிடக்கையில் யார் வந்து பதில் கொடுப்பது? பொங்கல் வந்தது. எங்கள் வரிசையில் அந்த ஆண்டு ஒரு வீட்டிலும் பொங்கல் வைக்கவில்லை. அவர் வைக்க முடியாதபோது நாம் மட்டும் எப்படி என்று பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். பொங்கல் கழிந்துதான் கடிதம் வந்தது. ஆட்கள் பிழைத்திருந்தார்கள், வீடும் படகும் போய்விட்டன. அந்த மாதம் ஏலச்சீட்டை யாரும் ஏலம் கேட்காமல் தள்ளுபடியின்றி அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

1968-ல் என் அம்மாவின் தகப்பனார் இறந்தார். அந்தமானுக்குத் துணிந்து பெண் கொடுத்தவர். தந்தி இரண்டாம் நாள் வந்துவிட்டது. ஆனால் கப்பல் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள். போய்ச் சேர்வதற்குள் கருமாதியே முடிந்துவிடும். அம்மா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மதினியும் வாசிக்கிற அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வந்தார்கள். முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். இறந்தவரை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் அவர் பெயரையும் ஊரையும் சொல்லி, அவர் கட்டிய வேட்டியையும் உழுத வயலையும் சொல்லிப் பாடினார்கள். பாடப் பாட, ஒவ்வொருத்தியும் தான் போய்ப் பார்க்க முடியாத தன் வீட்டுச் சாவையும் சேர்த்து அழுதாள். தமிழ் தெரியாத சாச்சியும் அந்த வட்டத்தில் இருந்தார். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. அன்று இரவு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஐந்து வீட்டிலிருந்து சோறு வந்தது.

இப்போது ஊரில் ஒரு சாவு என்றால் விமானத்தில் அன்றே போய்விடலாம். போக முடியாதவர்கள் கைபேசியில் பார்க்கிறார்கள். வசதி பெருகியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வட்டம் கலைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் துக்கம் என்பதே சில சமயம் நமக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிகிறது.

எழுதப்படாதவர்கள்

இந்தத் தலைமுறை நம்மோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1964 அக்டோபர் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அப்படித் தாயகம் திரும்பியவர்களில் சில குடும்பங்களை நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. மூன்று தலைமுறையாக ஊர் மாறி ஊர் மாறி வந்தவர்களின் புகைப்படங்களும் காகிதங்களும் எத்தனை அன்று கடலோடு போயினவோ!

கைதிகளாக வந்தவர்களுக்குச் சிறைப் பதிவேடு உண்டு. அரசாங்கம் குடியேற்றியவர்களுக்கு நிலப் பதிவேடு உண்டு. கூலிக்குத் தாமாக வந்தவர்களுக்கு என்ன உண்டு? என் தந்தையார் முதுமையில் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த ஆண்டு வந்தீர்கள், அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். கப்பல் சீட்டை யார் வைத்திருப்பார்கள்? மேஸ்திரி இறந்துபோய் வெகு காலம். கடைசியில் அம்மா தம் தகரப் பெட்டியிலிருந்து இன்லண்ட் லெட்டர் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன் அப்பாவுக்கு அவருடைய ஆத்தா யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதங்கள். தபால் முத்திரையில் 1956 என்று தெளிவாக இருந்தது. அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. சொந்தக் கடிதம் அத்தாட்சி ஆகாது என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்று எங்கள் குடும்ப வரலாறு என்று என் பேரப் பிள்ளைகளிடம் காட்ட என்னிடம் இருப்பது அந்தக் கட்டு ஒன்றுதான்.

2011 கணக்கின்படி இந்தத் தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அதில் ஏறத்தாழ 15 சதவீதம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் ஆட்கள் யார் என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாம் எல்லாரும் பெரிய வரலாற்று நூல் எழுத முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்யலாம். உங்கள் வீட்டில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் அல்லது எந்த ரயிலில் வந்தார்? கூட வந்தவர் யார்? முதல் சம்பளம் எவ்வளவு? முதல் இரவு எங்கே தங்கினார்? ஊரில் யாருக்குப் பணம் அனுப்பினார்? பிரசவம் பார்த்தவர் யார்? கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகத்திலும் தமிழில் எழுதி வையுங்கள். பழைய கடிதம், ரேஷன் அட்டை, சம்பளச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். அவர்கள் போன பிறகு அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது.

ஆண்டுதோறும் நம் சங்கங்களில் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். வரும் ஆண்டில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குவோம். ஊருக்கு முதலில் வந்த பெரியவர்கள் நான்கு பேரை மேடையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வோம். பொன்னாடை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும், அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள இரண்டு பிள்ளைகள் இருந்தால் போதும். என் தாயாருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. நினைவு தெளிவாக இருக்கிறது. முதல் நோட்டுப் புத்தகத்தை நான் தொடங்கிவிட்டேன்.